சென்னை ஃப்ளாட்ல ஆப்பிரிக்கன் வயலட் தாங்குமா? தாங்கும், ஆனா அந்த தண்ணி டம்ளரை கொஞ்சம் கீழ வைங்க

ஊட்டில வாங்கிட்டு வந்த ஊதா பூ ஆப்பிரிக்கன் வயலட், சென்னைல மூணாவது மாடி வீட்ல, மதியம் வரைக்கும் வெயில் படுற பால்கனி கிரில்ல ரெண்டு மாசம் நல்லா இருந்துட்டு திடீர்னு அடி இலையெல்லாம் தொளதொளன்னு ஆகி நடு குருத்து பழுப்பாயிடுச்சு, தினமும் காலைல அரை டம்ளர் தண்ணி தவறாம ஊத்தினேன், வாடுற மாதிரி தெரிஞ்சப்ப சாயங்காலமும் சேர்த்து ஊத்தினேன், அப்படியும் போயிடுச்சு, இந்த ஊர்ல இது வளருமா வளராதா, மிச்சம் இருக்கிற நாலு இலைய வச்சு ஏதாவது பண்ண முடியுமானு கேட்டிருக்கீங்க. வீட்ல பூனை இருக்கு, அதுக்கு ஆபத்தானும் கேட்டிருக்கீங்க.

வளரும். ஆனா ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் பூ எதிர்பார்க்காதீங்க, அந்த மூணு மாசம் செடி உயிரோட இருந்தா போதும்னு விட்டுடணும். மிச்ச மாசங்கள்ல ஒழுங்கா பூக்கும். உங்க செடி செத்தது வெயிலால இல்ல, வேர் மூச்சு முட்டி செத்துருக்கு. வெயில் அதை வேகப்படுத்துச்சு, அவ்ளோதான்.

இது எங்க இருந்து வந்த செடினு தெரிஞ்சா பாதி கேள்விக்கு பதில் தானா வந்துடும். தான்சானியாவும் கென்யாவும், இந்த ரெண்டு நாட்லதான் இது காட்டுல இயற்கையா இருக்கு. முக்கியமா தான்சானியாவோட வடகிழக்குல இருக்கிற உசாம்பாரா மலை. 1892ல அந்தப் பகுதி ஜெர்மனி ஆட்சில இருந்தப்ப அங்க அதிகாரியா இருந்த வால்டர் ஃபான் செயின்ட் பால்ங்கிறவர் இதை பார்த்து ஜெர்மனில இருந்த அப்பாவுக்கு அனுப்ப, அவர் ஹானோவர் ஹெரன்ஹவுசன் தோட்டத்துல இருந்த ஹெர்மன் வென்ட்லாண்டுகிட்ட கொடுக்க, 1893ல அவர் செயின்ட்பாலியானு பேர் வச்சு வெளியிட்டார். இப்ப அந்த பேரும் போயிடுச்சு, 2015ல மரபணு பார்த்து ஸ்ட்ரெப்டோகார்பஸ்ங்கிற பேரினத்தோட சேர்த்துட்டாங்க, ஆனா நர்சரிக்காரங்க யாரும் அதை கண்டுக்கிறதில்ல, நீங்களும் கண்டுக்க வேணாம்.

நமக்கு வேண்டியது என்னன்னா, காட்டுல இது தரைல வளர்றது குறைவு. மரத்தடி நிழல்ல, ஓடை பக்கத்துல, பாசி படிஞ்ச பாறையோட இடுக்குல, செங்குத்தான மண் சரிவுல ஒட்டிகிட்டு இருக்கும். அங்க மண்ணுனு சொல்ற அளவுக்கு ஒண்ணும் கிடையாது, மக்கின இலைத்தூள் ஒரு ரெண்டு விரக்கடை, அவ்ளோதான். மழை அடிக்கடி பெய்யும், ஆனா பெய்ஞ்ச தண்ணி ஒரு நிமிஷம் நிக்காது, வழிஞ்சு போயிடும். அதனால அதோட வேர் மெல்லிசா, மேலோட்டமா, எப்பவும் காத்து பட்டுகிட்டே இருக்கணும்னு பழகினது. இதே குடும்பத்து செடிங்க நம்ம மேற்கு தொடர்ச்சி மலைலயும் இருக்கு, ஹென்கெலியானு ஒண்ணு, மழைக்காலத்துல ஈரப்பாறைல ஒட்டிகிட்டு ஊதா பூ விடும், மூணார் வால்பாறை பக்கம் ரோட்டோர பாறை வெட்டுகளை உத்து பார்த்தீங்கன்னா ஒருவேளை கண்ணுல படும். பார்த்தா புரியும், அது நிக்கிற இடம் எப்பவும் ஈரமா இருக்கும், ஆனா சேறா இருக்காது.

இப்ப உங்க தொட்டிக்கு வருவோம். தினம் அரை டம்ளர்ங்கிறது நாலு இன்ச் தொட்டிக்கு ரொம்ப ரொம்ப அதிகம். மண்ணுக்குள்ள இருக்கிற சின்ன சின்ன காத்து இடைவெளியெல்லாம் தண்ணியால அடைஞ்சு போகும், வேருக்கு ஆக்சிஜன் இல்ல, ரெண்டு மூணு நாள்ல நுனி வேர் செத்து, பித்தியம் மாதிரி அழுக வைக்கிற கிருமிங்க உள்ள வந்துடும். இதுல மோசமான விஷயம் என்னன்னா வேர் அழுகிட்டா தண்ணி உறிஞ்ச ஆள் இல்ல, அப்ப இலை வாடும். பார்க்கிறவங்களுக்கு தாகத்துல வாடுற மாதிரியே இருக்கும். உடனே இன்னும் ஊத்துவாங்க. நீங்க சாயங்காலமும் ஊத்தினேன்னு சொன்னீங்களே அது அந்த கட்டம்தான். அதனால இலை வாடிருந்தா முதல்ல மண்ணை தொட்டு பாருங்க. மண்ணு காஞ்சு, தொட்டி எடையே இல்லாம லேசா இருந்தா அது தாகம், தண்ணி ஊத்தினா சில மணி நேரத்துல நிமிர்ந்துடும். மண்ணு ஈரமா இருக்கு இலை மட்டும் தொங்குதுன்னா அது அழுகல், ஒரு சொட்டு கூட ஊத்தக்கூடாது, செடிய வெளிய எடுத்து வேரை பார்க்கணும். வெள்ளையா இருந்தா தப்பிச்சிருக்கு, பழுப்பா கைல பிசுபிசுன்னு வந்தா வேர் போச்சு, நல்ல இலைய மட்டும் எடுத்துக்கணும்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவைனு கேக்காதீங்க, அதுக்கு பதிலே கிடையாது. தொட்டிய கைல தூக்கி பாருங்க. தண்ணி ஊத்தின அன்னைக்கு ஒரு எடை, நாலஞ்சு நாள் கழிச்சு ஒரு எடை, ஒரு வாரம் தூக்கினா கை பழகிடும். மேல் மண்ணு தொட்டா காஞ்ச மாதிரி, ஆனா முழுசா வரண்டு போகாத நிலைல ஊத்துறது சரி. சென்னைல ஃபேன் ஓடுற ரூம்ல நாலு நாள்ல காயும், ஐப்பசி கார்த்திகை மழைல பத்து நாள் ஆனாலும் காயாது.

மண் கலவை பத்தி கொஞ்சம் நீட்டியே சொல்றேன், ஏன்னா நம்ம ஊர்ல எல்லாரும் கோட்டை விடுறது இங்கதான். செம்மண் வேணாம், தோட்ட மண் வேணாம், மண்புழு உரம் அள்ளி போடவும் வேணாம். வெளிநாட்டுக்காரங்க பீட் மாஸ் (சதுப்பு நிலத்துல மக்கின பாசி), பெர்லைட் (எரிமலைப் பாறைய சூட்டுல பொரிய வச்ச வெள்ளை குருணை), வெர்மிகுலைட் (சூட்டுல உப்ப வச்ச மைக்கா மாதிரி தாது) மூணும் சம அளவுனு சொல்வாங்க. நமக்கு பீட் மாஸ் தேவையில்ல, தேங்கா நார் கழிவு, அதான் கோகோபீட், பொள்ளாச்சி பக்கம் கொட்டி கிடக்கு. ஆனா வாங்கின கட்டிய ஊற வச்சு அப்படியே போட்டுடாதீங்க. கோகோபீட்ல உப்பு இருக்கும், சோடியமும் பொட்டாசியமும். ஊற வச்சு, பிழிஞ்சு, தண்ணிய கொட்டி, மறுபடி ஊற வச்சுனு ஒரு மூணு நாலு தடவை அலசுங்க, வர்ற தண்ணி டீ கலர் போய் வெளுக்கிற வரைக்கும். முடிஞ்சா கடைசி தடவை ஊற வைக்கிற தண்ணில கொஞ்சம் கால்சியம் நைட்ரேட் கலந்து ஒரு ராத்திரி வச்சு பிழிஞ்சா இன்னும் நல்லது, இல்லன்னா கோகோபீட் நீங்க போடுற உரத்துல இருக்கிற கால்சியத்தையெல்லாம் தானே பிடிச்சு வச்சுக்கும், புது குருத்து சரியா வராது.

அலசின கோகோபீட் ஒரு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு. சென்னை மாதிரி புழுக்கமான ஊருக்கு பெர்லைட் பாதிக்கு கீழ இறங்கவே கூடாதுங்கிறது என் கருத்து. வெர்மிகுலைட் இருந்தா கோகோபீட்ல அரை பங்கை குறைச்சுட்டு அதுக்கு பதிலா சேருங்க, இல்லன்னா விடுங்க. அடுப்புக்கரிய பட்டாணி சைஸ்ல உடைச்சு ஒரு கைப்பிடி போடுறவங்க இருக்காங்க, நல்லதுதான். கலந்த பிறகு புட்டுக்கு மாவு பிசையற பதம் இருக்கணும், பிடிச்சா பிடிபடணும், விரலால தட்டினா பொலபொலன்னு உதிரணும். ஒரு எச்சரிக்கை, பெர்லைட் மூட்டைய காஞ்சபடியே கொட்டாதீங்க, தூசி நுரையீரலுக்கு ஆகாது, பைக்குள்ளயே கொஞ்சம் தண்ணி தெளிச்சுட்டு கொட்டுங்க.

தொட்டி சின்னதா இருக்கணும். செடியோட இலை விரிப்பு எவ்ளோ அகலமோ அதுல மூணுல ஒரு பங்குதான் தொட்டியோட வாய். ஒரு அடி அகல செடிக்கு நாலு இன்ச் தொட்டி, அவ்ளோதான். பாவம் நல்லா வளரட்டும்னு எட்டு இன்ச் தொட்டில வச்சீங்கன்னா வேர் போகாத மண்ணெல்லாம் ஈரம் பிடிச்சுகிட்டு உக்காந்திருக்கும், பூவும் விடாது. பிளாஸ்டிக்கா மண் தொட்டியானு சண்டையே நடக்கும். மண் தொட்டி சீக்கிரம் காயும், கைய கட்டுப்படுத்த முடியாம தண்ணி ஊத்துறவங்களுக்கு அதுதான் பாதுகாப்பு. ஆனா அதோட விளிம்புல உரத்து உப்பு வெள்ளையா பூத்து, அது மேல படுற இலைக்காம்பு வெந்து போயிடும், விளிம்புக்கு மெழுகு தடவியோ அலுமினிய ஃபாயில் சுத்தியோ சமாளிப்பாங்க. பழகினவங்களுக்கு பிளாஸ்டிக். தயிர் டப்பா, ஐஸ்கிரீம் கப்புல அடில ஓட்டை போட்டாலும் சரிதான், செடிக்கு தொட்டியோட அழகு தெரியாது.

தண்ணி எந்த தண்ணிங்கிறதும் முக்கியம். போர் தண்ணி உப்பா இருந்தா வேணாம். ஆர்ஓ மெஷின்ல வர்ற குடிதண்ணி நல்லா இருக்கும், ஆனா அதே மெஷின்ல பைப் வழியா வெளிய போற கழிவுத்தண்ணி வீணாகுதேனு இந்த செடிக்கு ஊத்தாதீங்க, உப்பு முழுக்க அதுலதான் இருக்கு, வேணும்னா வீடு துடைக்க வச்சுக்கோங்க. மழைத்தண்ணி பிடிச்சு வச்சிருந்தா அதை விட உசத்தி ஒண்ணும் இல்ல. மெட்ரோ தண்ணின்னா ஒரு பக்கெட்ல பிடிச்சு ராத்திரி முழுக்க வச்சுட்டு மறுநாள் ஊத்துங்க. இன்னொண்ணு, தண்ணியோட சூடு. இலைல இருக்கிற சூட்டை விட ரொம்ப குளிர்ச்சியான தண்ணி இலை மேல பட்டா பட்ட இடத்துல செல் சிதைஞ்சு வெளிர் மஞ்சள்ல வளையம் வளையமா தழும்பு விழும், அது நோயே இல்ல, மருந்தும் இல்ல, அந்த இலை உதிர்ற வரைக்கும் தழும்பு இருக்கும். நம்ம ஊர்ல மே மாசம் இதோட உல்டாவும் நடக்கும், மதியம் மொட்டை மாடி டேங்க்ல இருந்து வர்ற தண்ணி கொதிக்குது, அதை அப்படியே வேருக்கு ஊத்தினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ரூம்லயே ஒரு பாட்டில்ல நிரப்பி வச்சுக்கோங்க, அறை சூட்டுல இருக்கிற தண்ணி போதும். நடு குருத்துல தண்ணி தேங்கினா டிஷ்யூ பேப்பர் நுனிய விட்டு உறிஞ்சி எடுத்துடுங்க.

அடில தட்டு வச்சு தண்ணி ஊத்தி உறிஞ்ச விடுறதும் பண்ணலாம், இருபது முப்பது நிமிஷம் கழிச்சு மிச்ச தண்ணிய கொட்டிடணும். அப்படி கீழ இருந்தே கொடுத்துகிட்டு இருந்தா உப்பு மேல ஏறி படியும், அதனால மாசம் ஒரு தடவை மேல இருந்து உரம் இல்லாத வெறும் தண்ணிய நல்லா ஊத்தி கீழ வழிய விட்டு கழுவி விடணும்.

திரி முறைனு ஒண்ணு இருக்கு, ஊருக்கு போறவங்களுக்கும் மறதிக்காரங்களுக்கும் அருமையான வழி. தொட்டியோட ஓட்டை வழியா ஒரு நைலான் கயிறோ ஸ்வெட்டர் பின்ற அக்ரிலிக் நூலோ உள்ள விட்டு, கீழ ஒரு டப்பால தண்ணி வச்சு நுனி அதுல முங்கி இருக்கிற மாதிரி, தொட்டி தண்ணிய தொடாத மாதிரி வைக்கணும். பருத்தி நூல் வேணாம், ஒரு மாசத்துல அழுகிடும். இந்த முறைக்கு பெர்லைட் கண்டிப்பா பாதி இருக்கணும், இல்லன்னா திரி உறிஞ்சி கொடுத்துகிட்டே இருக்க மண்ணு சேறாகிடும். அப்புறம், டப்பாவுக்கு மூடி போட்டு திரி நுழையற அளவுக்கு மட்டும் ஓட்டை போடுங்க. திறந்து வச்ச நல்ல தண்ணில ஏடிஸ் கொசு முட்டை போடும், செடி வளர்க்கப்போய் டெங்கு வளர்த்தா கார்ப்பரேஷன்காரங்க வீட்டுக்கு வந்து நிப்பாங்க. வடகிழக்கு மழை பிடிச்சு நாலு நாள் விடாம கொட்டுறப்ப திரியை தண்ணில இருந்து எடுத்துடுங்க, காத்துல இருக்கிற ஈரமே தாங்கல.

பூ விடுறதும் விடாததும் வெளிச்சத்தோட விஷயம். நிழல் செடிதானேனு ஹால் மூலைல டீபாய் மேல வச்சா இலை மட்டும் பச்சை பசேல்னு இருக்கும், காம்பு நீண்டு இலையெல்லாம் மேல எம்பி பார்த்துகிட்டு இருக்கும், பூ வராது. வெளிச்சம் அதிகமாச்சுன்னா நடு இலைங்க நெருக்கமா குறுகி, விளிம்பு கீழ மடங்கி, பச்சை வெளுத்து போகும். இலை தட்டையா படுத்து, சுத்தி வட்டமா சமமா விரிஞ்சு நின்னா சரியான வெளிச்சம். ஜன்னல்ல வச்சா வாரம் ஒரு தடவை கால் சுத்து திருப்பி வைங்க, இல்லன்னா ஒரு பக்கமா சாஞ்சுடும்.

கிழக்கு ஜன்னல் நல்லது, எட்டு எட்டரை மணி வரைக்கும் இளவெயில் படலாம், அதுக்கு மேல மெல்லிசு திரை போட்டுடுங்க. வடக்கு ஜன்னலுக்கு வெயிலே வராதுனு வெளிநாட்டு வீடியோல சொல்றதை நம்பாதீங்க, அது அவங்க ஊருக்கு. சென்னைல ஏப்ரல் கடைசில சூரியன் நேர் உச்சிக்கு வந்து வடக்க தாண்டி போயிடும், ஆகஸ்ட் நடுவுலதான் திரும்பி வரும், அந்த நாலு மாசம் வடக்கு ஜன்னல்ல காலைலயும் சாயங்காலமும் சாய்வா வெயில் விழும். தெற்கு ஜன்னல் அதுக்கு நேர்மாறு, மார்கழில வெயில் வீட்டுக்குள்ள ரெண்டு அடி வரைக்கும் வந்து உக்காரும், கோடைல வராது. மேற்கு ஜன்னலை மறந்துடுங்க. நீங்க வச்ச பால்கனி கிரில்ல மதியம் வரைக்கும் வெயில்னு சொன்னீங்க, அதுவும் ஒரு காரணம், ஈர மண்ணு சூடாச்சுன்னா அழுகல் இன்னும் வேகம்.

ஜன்னல் சரியில்லன்னா நான் நேரா ட்யூப்லைட்டுக்கு போகச்சொல்வேன். க்ரோ லைட்னு ஊதா வெளிச்சம் அடிக்கிறதெல்லாம் வேணாம், வீட்டுக்கு போடுற சாதாரண வெள்ளை எல்இடி பேட்டன், நாலு அடி, 20 வாட். ஒரு ஷெல்ஃபுக்கு அடில மாட்டி, செடிக்கும் லைட்டுக்கும் நடுல பத்து பன்னெண்டு இன்ச் இடைவெளி விட்டு, தினம் பன்னெண்டு மணி நேரம் டைமர் போட்டு எரிய விடுங்க. மாசத்துக்கு ஏழு யூனிட் சொச்சம் ஆகும். ராத்திரி எட்டு மணி நேரமாவது இருட்டு வேணும், மொட்டு வைக்கிறதுக்கு அதுவும் தேவை. அந்த ஒரு லைட்டுக்கு அடில ஆறேழு செடி அடுக்கலாம், ஜன்னலை விட சீரா பூக்கும், சொல்லப்போனா போட்டிக்கு செடி வளர்க்கிறவங்க பெரும்பாலும் லைட்டுக்கு அடிலதான் வளர்க்கிறாங்க. அமெரிக்கால 1946ல இருந்து இதுக்குன்னே ஒரு சொசைட்டி இருக்கு, இலை வட்டத்துல ஒரு இலை கோணலா இருந்தா மார்க் குறைப்பாங்க, அவ்ளோ கிறுக்கு பிடிச்ச கூட்டம்.

சூடு. பதினெட்டுல இருந்து இருபத்தாறு டிகிரி வரைக்கும் இதுக்கு சொர்க்கம். முப்பது தாண்டினா மொட்டு கருகும், வளர்ச்சி நிக்கும். கோயம்புத்தூர், ஓசூர், பெங்களூர்காரங்களுக்கு அதனாலதான் இது சுளுவா வருது. ஊட்டிலயும் வீட்டுக்குள்ளதான் வைக்கணும், மார்கழி தை ராத்திரில வெளிய விட்டா குளிர்ல வெறச்சு போகும். சென்னைல கோடைக்கு என்ன பண்ணணும்னா, மார்ச் கடைசிலயே வர்ற மொட்டையெல்லாம் கிள்ளி எடுத்துடுங்க, மனசு வராது, பரவால்ல கிள்ளுங்க. உரத்தை நிறுத்துங்க. செடிய உயரமான ஷெல்ஃப்ல இருந்து எடுத்து தரை மட்டத்துல, வீட்டோட உள் ரூம்ல, வெயில் படாத சுவர் ஓரமா வைங்க, மாடி வீட்ல கூரை சூடு மேல இருந்துதான் இறங்கும். ராத்திரி ஏசி போடுற பெட்ரூம் இருந்தா அங்கயே குடி வைக்கலாம், ஆனா ஏசி காத்து நேரா இலைல அடிக்கக்கூடாது. ஏசி ரூம்ல ஈரப்பதம் குறையும், அதுக்கு ஒரு தட்டுல கூழாங்கல் போட்டு அளவா தண்ணி விட்டு கல்லு மேல தொட்டிய வைங்க, தண்ணி தொட்டி அடிய தொடக்கூடாது, ரெண்டு நாளைக்கு ஒருக்கா தண்ணிய கொட்டி மாத்திடுங்க, கொசு விஷயம் இங்கயும் அதேதான். கோடைல ஈரம் எப்பவும் போல கொடுக்காம ஒரு படி குறைச்சே கொடுங்க, சூடும் ஈரமும் சேர்ந்தாதான் ஆபத்து, ஒண்ணு இருந்தா தாங்கிக்கும்.

உரத்துல சுருக்கமா முடிச்சுக்கிறேன். எந்த உரக்கடைலயும் கிடைக்கிற 19:19:19 (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ் மூணும் சம அளவுல இருக்கிற உரம்) போதும், லிட்டருக்கு கால் கிராம், அதுக்கு மேல வேணாம், ரெண்டு தண்ணிக்கு ஒரு தண்ணி. அதுல இருக்கிற நைட்ரஜன்ல பாதிக்கு மேல யூரியாவா இருக்கும், மெல்லிசு வேருக்கு அது அவ்வளவா ஒத்துக்காது, நைட்ரேட் அதிகம் இருக்கிறது கிடைச்சா வாங்குங்க, கிடைக்கலன்னா அளவை குறைச்சு சமாளிங்க. நடு குருத்துல முடி மேல துரு கலர்ல பொடி படிஞ்ச மாதிரி தெரிஞ்சா உரம் ஓவர், வெறும் தண்ணி விட்டு கழுவுங்க. அரிசி கழுவின தண்ணி, புளிச்ச மோர், டீத்தூள், முட்டை ஓடு, வாழப்பழத்தோல் ஊற வச்சது இதெல்லாம் கத்தரிச்செடிக்கு கொண்டு போய் ஊத்துங்க. மூணு இன்ச் தொட்டில ஊத்தினா நாத்தம், பூஞ்சை, குட்டி குட்டி கருப்பு கொசு மாதிரி பறக்கிற ஈ, வேற பலன் எதுவும் இல்ல.

இப்ப உங்க நாலு இலை. இதுதான் நல்ல செய்தி, இந்த செடில ஒரு இலை இருந்தா ஒரு செடி இருக்குனு அர்த்தம். முதல்ல பாருங்க, இலைக்காம்பு கெட்டியா பச்சையா இருக்கா, இல்ல அடில கண்ணாடி மாதிரி ஈரமா பழுத்திருக்கா. பழுத்த பாகத்தை முழுசா வெட்டி தள்ளுங்க, நல்ல பச்சை வர்ற வரைக்கும். சுத்தமான பிளேடால காம்பை ஒரு இன்ச் நீளம் விட்டு சாய்வா வெட்டுங்க, வெட்டுன பக்கம் மேல பார்த்து இருக்கட்டும், குட்டிங்க அங்க இருந்து வரும். அரை மணி நேரம் காய விடுங்க. சின்ன கப்ல அதே கலவை, பெர்லைட் இன்னும் கொஞ்சம் கூட, லேசா ஈரமா, பிழிஞ்சா சொட்டு விழக்கூடாது. காம்பை அரை இன்ச் மட்டும் சாய்வா சொருகுங்க, இலை மண்ணை தொடாம. பெரிய இலையா இருந்தா நுனி பக்கம் மூணுல ஒரு பங்கை கத்தரிச்சுடுங்க, அப்பதான் அது தன்னை வளர்த்துக்காம குட்டி போட ஆரம்பிக்கும். கப்பை ஒரு ஜிப் கவர்லயோ மூடி இருக்கிற இனிப்பு டப்பாலயோ போட்டு வெளிச்சமான, வெயில் படாத இடத்துல வைங்க. உள்ள தண்ணி முத்து முத்தா ஒழுகினா கொஞ்சம் திறந்து விடுங்க.

மூணு நாலு வாரத்துல வேர் வந்திருக்கும். வந்துச்சா வந்துச்சானு பிடுங்கி பார்க்காதீங்க, லேசா இழுத்தா பிடிச்சுகிட்டா வந்துருச்சுனு அர்த்தம். ரெண்டுல இருந்து மூணு மாசத்துல மண்ணுல இருந்து எலிக்காது மாதிரி குட்டி இலைங்க எட்டி பார்க்கும். அம்மா இலைய உடனே வெட்டாதீங்க. குட்டி இலைங்க பத்து ரூபா காசு அளவு வந்த பிறகு மொத்தமா வெளிய எடுத்து, ஒவ்வொரு குட்டியா பிரிச்சு தனித்தனி சின்ன கப்ல வைங்க, ஒரு இலைல மூணு நாலு குட்டி வர்றது சாதாரணம். இலை வச்ச நாள்ல இருந்து முதல் பூவுக்கு எட்டு பத்து மாசம் பிடிக்கும். பூ அம்மா மாதிரியேதான் வரும், ஒரு விதிவிலக்கு இருக்கு, இதழ்ல சக்கரம் மாதிரி பட்டை பட்டையா ரெண்டு கலர் வர்ற கைமேரானு ஒரு ரகம், அது இலைல இருந்து வச்சா அந்த பட்டை வராது. அதை பக்கக்கன்னுல இருந்தோ பூங்காம்புல இருந்தோதான் எடுக்கணும், அதனாலதான் அது விலை அதிகம். உங்களுது சாதா ஊதா, கவலை இல்ல.

செடி பெருசான பிறகு ரெண்டு வேலை இருக்கு. இலைக்கு நடுவுல பக்கத்துல இன்னொரு குட்டி தலை கிளம்பும், மொட்டுனு நினைச்சு விட்டுடாதீங்க, நாலு இலை தெரிஞ்சா அது பக்கக்கன்னு, பென்சில் நுனியால நோண்டி எடுத்துடுங்க, ஒரு தொட்டிக்கு ஒரு தலைதான். ரெண்டாவது, அடி இலை உதிர உதிர தண்டு மொட்டையா நீளும், ஒரு வருஷத்துல குட்டி தென்னமரம் ஆயிடும். அப்ப செடிய எடுத்து, அடி மண்ணும் வேரும் ஒரு பகுதிய வெட்டிட்டு, மொட்டை தண்டை கத்தியால லேசா சுரண்டி விட்டு, அதே தொட்டில தண்டு மறையற அளவுக்கு ஆழமா இறக்கி புது மண்ணு போடுங்க. சுரண்டின இடத்துல இருந்து புது வேர் விடும். வருஷத்துக்கு ஒரு தடவை கண்டிப்பா, முடிஞ்சா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை.

பூச்சின்னா நம்ம ஊர்ல முதல் எதிரி மாவுப்பூச்சி, செம்பருத்தில வருமே அதேதான். இலைக்காம்பு இடுக்குல பஞ்சு மாதிரி தெரிஞ்சா இயர்பட்ஸ்ல சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்டு ஒத்தி எடுங்க, நாலு நாளுக்கு ஒரு தடவை விடாம பண்ணணும். பூவோட மகரந்தத்தூள் இதழ் மேல தானா கொட்டி கிடந்தா த்ரிப்ஸ், அதாவது இலைப்பேன், பூவையெல்லாம் கிள்ளி குப்பைல போடுங்க, செடிகிட்டயே போடாதீங்க. நடு குருத்து இறுகி, சாம்பல் பூத்து, முடி அடர்த்தியா, இலை உடையற மாதிரி ஆனா கண்ணுக்கு தெரியாத மைட்ங்கிற உண்ணி மாதிரி பூச்சி, அதுக்கு நான் மருந்து சொல்ல மாட்டேன், கவர்ல கட்டி தூக்கி போடுங்க, பக்கத்து செடிங்களையாவது காப்பாத்தலாம். வேப்பெண்ணெய் அடிச்சா இலைல இருக்கிற முடில எண்ணெய் தங்கி, லைட் சூட்டுல வெந்துடும், அப்படியே அடிக்கணும்னா ராத்திரி அடிங்க. தூசி துடைக்க ஈரத்துணி வேணாம், மேக்கப் பிரஷ் மாதிரி மெத்துனு ஒண்ணு எடுத்து தட்டி விடுங்க.

அடுத்த செடி வாங்குறதா இருந்தா ஏப்ரல் மே மாசம் கூரியர்ல வரவழைக்காதீங்க, லாரில வெந்து வரும். மழை முடிஞ்சு மார்கழில இருந்து மாசி வரைக்கும் நல்ல நேரம். வாங்குறப்ப பூவை பார்க்காதீங்க, நடு குருத்தை பாருங்க, சின்ன இலைங்க சுத்தமா பச்சையா அழுகல் இல்லாம இருக்கணும். வீட்டுக்கு வந்ததும் ஒரு மாசம் மத்த செடிங்ககிட்ட சேர்க்காம தனியா வைங்க. ஓரத்துல வெள்ளை விழுற இலை ரகம் பார்க்க அழகா இருக்கும், சென்னை சூட்டுல வெள்ளை போய் பச்சையாயிடும், காசு வீண். ஆறு இன்ச்சுக்குள்ள நிக்கிற மினியேச்சரும் ஆரம்பத்துல வேணாம், குட்டி தொட்டி ஒரே நாள்ல காஞ்சுடும். சாதாரண பச்சை இலை, ஊதாவோ ரோஸோ பூ, சாதா சைஸ், அதுதான் அடி தாங்கும்.

பூனைக்கு பயப்பட வேணாம். அமெரிக்காவோட விலங்கு நல அமைப்பான ஏஎஸ்பிசிஏ வெளியிடுற பட்டியல்ல இது நாய், பூனை ரெண்டுக்குமே விஷமில்லாத செடி. பூனையால செடிக்குத்தான் ஆபத்து, ஈரமா குளுகுளுன்னு இருக்கிற அந்த மண்ணை நோண்டும், இலைய உடைச்சு போடும். திரி டப்பா தண்ணியையும் குடிக்க பார்க்கும், அதுல உரம் கலந்து வச்சிருந்தா அது மட்டும் பூனைக்கு ஆகாது, அதுக்காகவாவது டப்பா மூடிய இறுக்கமா போடுங்க. உடைஞ்ச இலைய எப்படி வைக்கணும்னு மேலயே சொல்லிட்டேன்.